அறிக்கையும் அறிதலும்: நிலாவெளி அனுபவங்கள் சில

தொழில் நிறுவனம் ஒன்றின் நடப்பு நிலையை அதன் முகாமையாளருக்கும் பணிப்பாளருக்கும் எடுத்துரைக்கும் ஏட்டினை நாம் அறிக்கை என்று வழங்குகிறோம். 'அறி' என்னும் அடியினின்றும் பிறந்த சொல் அது. ஆயினும், அறிக்கை எழுதுவோரும் அதனைப் பெறுவோரும் அறிதல் என்ற செயலைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. ஏடு உரிய திகதியில் அனுப்பப்பட்டதா, உரிய பக்கங்கள் நிரம்பினவா என்று பார்ப்பதோடு எழுதுபவரின் கடமை முடிந்துவிடுகிறது. பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடுவதோடு வாசிப்பவரின் கடமையும் முடிந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் அறியப்படவேண்டியது அறியப்படாமலே போய்விடுவதுண்டு. அவ்வாறு போனதால் மனிதர் சிலர் நட்டமடைந்ததை என் கண்ணாற் கண்டேன். அந்த நட்டத்தில் எனக்கும் பங்குண்டு. அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நிலாவெளி, திருகோணமலை நகருக்கு வடக்கே, புல்மோட்டை வீதியில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் அமைந்த கடலோர ஊர். கரையிலிருந்து பார்த்தால் புறாத்தீவு தெரியும். 2003ஆம் ஆண்டு அது தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. கடற்றொழிலும் உல்லாசப் பயணிகளுக்கான விடுதித் தொழிலும் இவ்வூரின் சீவனோபாயங்களில் முதன்மையானவை. இவ்விரண்டையும் ஆள்வது காற்று. கார்த்திகை தொடங்கி மாசிவரை வாடை வீசும், கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையேறும், விடுதிகள் வெறிச்சோடும். பங்குனி பிறந்தபின் கடல் அடங்கும். அப்பொழுது நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக்கரை ஊர்களிலிருந்து தொழிலாளர் வந்து வாடி அமைப்பர். விடுதிகளின் கதவுகளும் திறக்கும். புரட்டாதிவரை நீளும் அந்தச் சில மாதங்களின் உழைப்பே ஆண்டு முழுவதுக்குமான சோறு.

என் தந்தையார் இக்கரையில் கரைவலைச் சம்மாட்டி ஒருவரிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் வைத்திருந்த கொப்பி ஒன்று இன்றும் என்னிடம் உண்டு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். எத்தனை முறை வலை வளைத்தது, என்ன மீன் எவ்வளவு பட்டது, என்ன விலைக்குப் போனது, அன்றைய செலவு என்ன, பங்கு எவ்வளவு என்று ஐந்து குறிப்புகள். ஆறாவதாக, பக்கத்தின் அடியில் 'நாளைக்கு' என்று ஒரு வரி. 'வடக்குக் கயிறு தேய்ந்துவிட்டது', 'நீரோட்டம் மாறுகிறது', 'ஐஸ் காணாது' என்பன போன்ற சிறு குறிப்புகள் அவ்வரியிற் காணப்படும். மாலையில் மணலில் அமர்ந்து அப்பக்கத்தை அவர் உரத்து வாசிப்பார். சம்மாட்டியும் கேட்பார், கயிறிழுத்த தொழிலாளரும் கேட்பர். கணக்கிற் பிழையிருந்தால் அவ்விடத்திலேயே மறுப்பு எழும். 'நாளைக்கு' என்ற வரியை வாசித்ததும், கயிற்றை யார் மாற்றுவது, ஐசுக்கு யார் போவது என்பன தீர்மானமாகும். அதன்பின்னரே எல்லோரும் எழுந்து செல்வர்.

கரைவலை இழுக்கும்போது மடிக்கு அருகில் ஒருவர் நீந்தி வருவதுண்டு. மடியின் நிலையைப் பார்த்து அவர் கைகாட்டுவதற்கேற்பக் கரையிலுள்ளோர் ஒருபுறக் கயிற்றை விரைந்தோ தளர்த்தியோ இழுப்பர். சிறுவனாயிருந்த நான் ஒருநாள், அவருக்கு ஏன் பங்கு கொடுக்கிறீர்கள், அவர் கயிறே பிடிக்கவில்லையே என்று தந்தையாரிடம் கேட்டேன். அவர் சொன்ன விடை இது: "தம்பி, மடி கரைக்கு வந்தாப்பிறகு எல்லாருக்கும் கணக்குத் தெரியும். தண்ணிக்குள்ள கிடக்கேக்க சொல்லுறவன்தான் கணக்குப்பிள்ளை." அந்த வார்த்தையின் பொருள் எனக்கு விளங்குவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நான் பல்கலைக்கழகத்தில் வணிகம் பயின்று, பல இடங்களிற் பணியாற்றியபின், பிறந்த ஊருக்கே திரும்பி விடுதி ஒன்றின் கணக்காளனானேன். அதன் தலைமை அலுவலகம் கொழும்பில் இருந்தது. மாதந்தோறும் செயலாற்றுகை அறிக்கை ஒன்றைத் தயாரித்து அனுப்புவது என் பொறுப்பு. நான் பொறுப்பேற்றபோது அது 46 பக்கம் கொண்டிருந்தது. வருமானம், செலவு, பாதீட்டிலிருந்து விலகல், அறை நிரம்பல் வீதம், சமையலறைச் செலவு, மின்சாரம், சலவை, ஊழியர் வரவு என அது விரிந்து சென்றது. ஒவ்வொரு பக்கமும் எவ்வாறு தோன்றியது என்று பழைய கோவைகளைப் புரட்டிப் பார்த்தேன். என்றோ ஒரு பணிப்பாளர் கேட்ட ஒரு கேள்விக்கு விடையாக ஒரு பக்கம் சேர்ந்திருக்கும். கேட்டவர் போய்விட்டார், கேள்வியும் மறந்துவிட்டது, பக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. சேர்ப்பதற்கு ஒருவருடைய ஆணை போதும். நீக்குவதற்கோ எல்லோருடைய சம்மதமும் வேண்டும். அறிக்கைகள் பருத்துப்போவதன் காரணம் இதுவே எனலாம்.

இந்த அறிக்கை மறு மாதம் 20ஆம் திகதியளவிலேயே தலைமை அலுவலகத்தை அடையும். ஏப்ரல் மாதத்தின் முதலாம் திகதி நிகழ்ந்தது மே மாதத்தின் பிற்பகுதியிலேயே வாசிக்கப்படும். அதன் முதற்பக்கத்தில், சென்ற மாதத்தோடு ஒப்பிட்ட ஏற்ற இறக்கம் வீதக் கணக்கிற் காட்டப்பட்டிருக்கும். காற்றை நம்பி வாழும் ஓர் ஊரில் மே மாதத்தை ஏப்ரலோடும் நவம்பரை ஒக்டோபரோடும் ஒப்பிடுவதால் யாதொரு பயனுமில்லை. பருவம் தொடங்கும்போது எவர் முகாமை செய்தாலும் ஏற்றம் தோன்றும். பருவம் முடியும்போது எவர் முயன்றாலும் இறக்கம் தோன்றும். அவ்வாறிருந்தும், ஏற்றத்துக்குப் பாராட்டும் இறக்கத்துக்கு விளக்கம் கோரும் கடிதமும் ஆண்டுதோறும் தவறாமல் வந்தன. நானும் ஆண்டுதோறும் தவறாமல் விளக்கம் எழுதினேன்.

இனி 2019ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலுள்ள தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய விடுதிகளிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களை நாடு மறந்திருக்க முடியாது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அத்துயரத்தோடு ஒப்பிட, தொழில் நட்டம் சிறிய விடயமே. எனினும் தொழிலை நம்பியிருந்தோரின் துயரும் துயரே ஆதலின் அதனையும் பேசவேண்டியுள்ளது.

இலங்கைக்கு 2018ஆம் ஆண்டு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 23 இலட்சத்து 34 ஆயிரம் பேர். 2019ஆம் ஆண்டு வந்தோர் ஏறத்தாழ 19 இலட்சத்து 14 ஆயிரம் பேர். வீழ்ச்சி நூற்றுக்கு 18. இவ்வாண்டுக் கணக்கை மட்டும் வாசிப்பவர், காயம் பட்டது, ஆனால் தாங்கக்கூடிய காயம் என்றே முடிவு செய்வார். மாதக் கணக்கைப் பார்ப்பவருக்கு வேறொரு காட்சி தோன்றும். 2018 மே மாதத்தில் ஏறத்தாழ 1 இலட்சத்து 29 ஆயிரம் பேர் வந்திருக்க, 2019 மே மாதத்தில் வந்தோர் 38 ஆயிரத்துக்கும் குறைவு. வீழ்ச்சி நூற்றுக்கு 70க்கு மேல். யூலை மாதத்திற்கூட முன்னைய ஆண்டின் 2 இலட்சத்து 18 ஆயிரம், 1 இலட்சத்து 16 ஆயிரமாகக் குறைந்தது. தெற்கிலும் மேற்கிலும் உள்ள கரையோரங்களுக்குப் பருவம் மார்கழி முதல் பங்குனிவரை. அவை தம் பருவத்தைப் பெரும்பாலும் முடித்துக்கொண்டபின்னரே அந்த ஏப்ரல் வந்தது. கிழக்குக்கரைக்கோ பருவம் மே மாதத்திலேயே சூடுபிடிக்கும். நூற்றுக்கு 18 என்ற சராசரி பொய்யன்று. ஆனால் நிலாவெளியில் இருந்த எவரும் அந்தச் சராசரியில் வாழவில்லை.

அவ்வாண்டு ஏப்ரல் மாத அறிக்கையை நான் வழக்கம்போலத் தயாரித்தேன். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு உள்நாட்டுப் பயணிகள் பெருமளவில் வந்திருந்தமையால், ஏப்ரல் மாத நிரம்பல் வீதம் மார்ச் மாதத்தைவிட உயர்ந்திருந்தது. ஆகவே முதற்பக்கம் ஏற்றத்தையே காட்டியது. மே, யூன், யூலை மாதங்களுக்கான முற்பதிவுகள் இரத்துச் செய்யப்பட்ட விவரம் 31ஆம் பக்கத்தில் ஓர் அட்டவணையின் அடியிற் சிறு எழுத்தில் இருந்தது. தாக்குதல் நடந்ததை அறியாதவர் எவருமில்லை. ஆனால் அதனால் இந்த விடுதியில் எந்த வாரம் எத்தனை அறைகள் வெறுமையாகும், எத்தனை பேருக்கு வேலை இராது என்பதை அறியக்கூடிய இடத்தில் இருந்தவன் நான். ஏப்ரல் 22ஆம் திகதி முதலே இரத்துக் கடிதங்கள் என் மேசையைக் கடந்து சென்றன.

பருவகால ஊழியர் பதினெட்டுப் பேரை மே முதலாம் திகதி சேர்த்துக்கொள்ளும்படி மார்ச் மாதத்திலேயே கட்டளை வந்திருந்தது. அதனை மாற்றுமாறு எவரும் சொல்லவில்லை. சொல்வதற்கான ஆதாரம் 31ஆம் பக்கத்திற் கிடந்தது. பதினெட்டுப் பேரும் வந்தனர். யூன் மாத நடுப்பகுதியில், வேலை செய்த நாட்களுக்குரிய சம்பளத்துடன் அவர்கள் நிறுத்தப்பட்டனர். அவர்களுள் ஒரு பெண், நகரத்துப் புடைவைக் கடை ஒன்றிற் பார்த்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு, பருவகாலத்திற் சற்றுக் கூடிய வருமானத்தை நாடி வந்தவர். கடையில் அவருடைய இடம் நிரப்பப்பட்டுவிட்டது. கணக்கைப் பெற்றுக் கையொப்பமிட்டபின் அவர் என்னைப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு இது முந்தியே தெரியாதோ?" என்று கேட்டார். அதிலே கோபம் இருக்கவில்லை. உண்மையை அறியும் விருப்பமே இருந்தது. நான் 'தெரியாது' என்றேன். அது பொய்.

அறிக்கை அனுப்பப்பட்டிருந்தது, எண்கள் சரியாயிருந்தன, கணக்காய்வாளர் எவரும் அதிற் குறைகாண முடியாது. ஆயினும் அது அறிவிக்கவேண்டியதை அறிவிக்கவில்லை. ஏன் என்று அன்றிரவு தொடங்கிப் பல நாட்கள் என்னையே கேட்டுக்கொண்டேன். மூன்று காரணங்கள் புலப்பட்டன.

முதலாவது காலம். எங்கள் அறிக்கை முடிந்த மாதத்தை மட்டுமே பேசியது. தந்தையாரின் கொப்பியிலிருந்த 'நாளைக்கு' என்ற வரிக்கு அதில் இடமிருக்கவில்லை. இலாபமும் வருமானமும் நடந்து முடிந்தவற்றின் விளைவுகள். முற்பதிவு, இரத்து, விருந்தினரின் முறைப்பாடு, ஊழியரின் விலகல் ஆகியவை நடக்கப்போவதன் அறிகுறிகள். முகாமையாளர் மாற்றக்கூடியது பின்னதையே. அமெரிக்க அறிஞர்களான றொபேட் கப்லனும் டேவிட் நோட்டனும் 1992ஆம் ஆண்டு முன்வைத்த சமநிலை மதிப்பீட்டு முறை, நிதிக் கணக்கோடு வாடிக்கையாளர், உள்ளகச் செயற்பாடு, கற்றலும் வளர்ச்சியும் என்னும் வேறு மூன்று நோக்குகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்தியது இக்குறையை நோக்கியே.

இரண்டாவது ஒப்பீடு. எண் ஒன்று தனித்து நின்று எதையும் உணர்த்தாது. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் திகதி, வெஸ்டேர்ன் எலெக்றிக் நிறுவனத்திற் பணிபுரிந்த வால்ட்டர் ஷூவார்ட் என்பவர், தம் மேலதிகாரிக்கு ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பை எழுதி, அதிற் சிறு வரைபடம் ஒன்றையும் சேர்த்தார். உற்பத்தியில் இயல்பாகவே நிகழும் ஏற்ற இறக்கத்தையும், ஏதோ ஒன்று பிழைத்துவிட்டது என்று காட்டும் ஏற்ற இறக்கத்தையும் வேறுபடுத்திக் காணும் வழியை அப்படம் காட்டியது. தரக் கட்டுப்பாட்டுத் துறை முழுவதற்கும் அந்த ஒரு பக்கம் வித்தாயிற்று. எங்கள் அலுவலகமோ வாடைக் காற்றுக்கு விளக்கம் கோரியது. உண்மையான அபாயம் வந்தபோது ஏற்றம் என்று வாசித்தது. மே மாதத்தைச் சென்ற ஆண்டு மே மாதத்தோடும் அதற்கு முந்திய மே மாதங்களோடும் ஒப்பிட்டிருந்தால், பள்ளிச் சிறுவனுக்கும் நிலைமை விளங்கியிருக்கும்.

மூன்றாவது அச்சம். இதுவே கூறுவதற்குக் கடினமானது. கெட்ட செய்தியை முதற்பக்கத்தில் எழுதுவதை எவரும் தடைசெய்யவில்லை. ஆனால் அவ்வாறு எழுதியவரிடம், இனி என்ன செய்யலாம் என்று கேட்கும் வழக்கம் இருக்கவில்லை. உம்மாலா இது நேர்ந்தது என்று கேட்கும் வழக்கமே இருந்தது. ஆகவே செய்தி மெல்லமெல்லப் பின்பக்கங்களுக்கு நகர்ந்தது. எழுதினேன் என்று சொல்லவும் இயலும். எவரும் பார்க்கமாட்டார் என்று நம்பவும் இயலும். பணி புரிவோர் பலரும் இந்த உபாயத்தை அறிவர். வள்ளுவர் பொருட்பாலிலே தூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்து, தனக்கு அழிவு நேரினும் தன் தலைவனுக்கு நன்மை பயப்பதைக் குறைக்காமல் உரைப்பவனே தூதன் என்ற கருத்தை அதன் முடிவில் வைத்தார். நான் வாசித்துப் பரீட்சை எழுதிய அதிகாரம் அது.

அச்சத்தின் இன்னொரு முகம், அளவுகோலையே இலக்காக்குவது. நிரம்பல் வீதத்தைக் கொண்டு முகாமையாளர்களை மதிப்பிட்ட காலத்தில், அறைகளை அடக்கவிலைக்கும் குறைவாக விற்றேனும் வீதத்தை உயர்த்திக் காட்டியதைக் கண்டிருக்கிறேன். வீதம் உயர்ந்தது, கையிருப்புக் குறைந்தது. இங்கிலாந்து வங்கியின் ஆலோசகராயிருந்த சாள்ஸ் குட்ஹாட் 1975ஆம் ஆண்டு பணக் கொள்கை பற்றி எழுதியபோது, கட்டுப்படுத்தும் நோக்குடன் பயன்படுத்தத் தொடங்கியதும் ஓர் அளவு தன் நம்பகத்தன்மையை இழந்துவிடும் என்ற கருத்தை வெளியிட்டார். அது விடுதி அறைக்கும் பொருந்தும். பரீட்சைப் பெறுபேற்றுக்கும் பொருந்தும்.

இவற்றை உணர்ந்தபின் நான் செய்தது பெரிய சீர்திருத்தமன்று. 46 பக்கங்களையும் பின்னிணைப்பாக வைத்துவிட்டு, முன்னால் ஒரு பக்கத்தைச் சேர்த்தேன். அடுத்த பன்னிரண்டு வாரங்களுக்குரிய முற்பதிவு, முந்திய ஆண்டுகளின் அதே வாரங்களோடு ஒப்பிட்டு ஒரு கோட்டுப் படமாக அதில் இருந்தது. கையிலுள்ள பணம் எத்தனை வாரச் சம்பளத்துக்குப் போதும் என்பது ஒரு வரி. விருந்தினர் முறைப்பாடுகளில் அடிக்கடி வருவது ஒரு வரி. இவற்றின் கீழே, 'இவ்வாரம் தீர்மானிக்கவேண்டியது' என்று ஒரு வரி; அதற்கு எதிரே யார், எப்போது என்பதற்கான இடம். அதனை மாத முடிவுக்காகக் காத்திராமல் வாரந்தோறும் திங்கட்கிழமை அனுப்பினேன். எண்கள் முற்றாகச் சரிபார்க்கப்படாதவை என்று அதிலேயே குறிப்பிட்டேன். ஏறக்குறையச் சரியான எண் இன்று கிடைப்பது, முற்றிலும் சரியான எண் ஒரு மாதம் கழித்துக் கிடைப்பதைவிட முகாமையாளருக்கு மேலானது.

எதிர்ப்பு எழாமலில்லை. கணக்காளர் எதிர்காலம் கூறுவதா என்று கேட்டோர் உளர். சரிபாராத எண்ணை அனுப்புவது ஒழுங்கீனம் என்றோரும் உளர். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. முடிவுக் கணக்கும் வார அறிக்கையும் வெவ்வேறு தேவைகளுக்கானவை, ஒன்றை மற்றதன் இடத்தில் வைக்கலாகாது. சில மாதங்களில் தலைமை அலுவலகத்தார் அந்த ஒரு பக்கத்தைப் பற்றித் தொலைபேசியிற் பேசத் தொடங்கினர். 46 பக்கங்களைப் பற்றி எவரும் ஒருபோதும் பேசியதில்லை. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று வந்து நாட்டின் வாயில்களே மூடப்பட்டபோது, எந்த அறிக்கையாலும் எங்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவ்வாண்டு பருவகால ஊழியராக வரவிருந்தோர் எல்லோருக்கும் மார்ச் மாதத்திலேயே, இம்முறை இருக்கும் வேலையை விடவேண்டாம் என்று சொல்லியனுப்ப முடிந்தது. அறிக்கை ஒன்று செய்யக்கூடிய நன்மையின் எல்லை ஏறக்குறைய அவ்வளவே. அது சிறிதன்று.

இது ஒரு விடுதியின் கதை மட்டுமன்று. எமது நாட்டின் அரச கூட்டுத்தாபனங்கள் வருடாந்த அறிக்கைகளைப் பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கக் கடமைப்பட்டவை. 1971ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க நிதிச் சட்டம் அவற்றின் கணக்குகளுக்கு விதி வகுத்தது. அவற்றை விசாரிப்பதற்கென 1979ஆம் ஆண்டு முதல் 'கோப்' எனப்படும் குழுவும் இயங்கி வருகிறது. எனினும் ஆண்டுகள் பல கடந்தபின் அறிக்கை சபைக்கு வருவதும், அதில் விவரிக்கப்படும் முகாமை அதற்குள் மாறிவிட்டிருப்பதும் நாம் அறிந்தவையே. அத்தகைய அறிக்கையைக் கொண்டு வரலாறு எழுதலாம். எதையும் திருத்த இயலாது.

இச்சஞ்சிகையை வாசிக்கும் மாணவர் பலர் நாளை முகாமையாளராகவும் நிறைவேற்று அதிகாரிகளாகவும் ஆகப்போகின்றவர்கள். உங்களில் அறிக்கை எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: இதனை வாசிப்பவர் நாளை எதை மாற்றிச் செய்யவேண்டும் என்ற கேள்விக்கு விடை தோன்றும்வரை பேனாவை எடுக்காதீர்கள். வாசிக்கப்போவோருக்கு இன்னும் பெரிய வேண்டுகோள்: கெட்ட செய்தி கொண்டுவருபவரை முதலில் இருக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு பழக்கம் எத்தனையோ கணினி நிரல்களைவிட அறிக்கைகளை மேம்படுத்தும் என்பது என் அனுபவத் துணிபு.

கேள்வி கேட்ட அப்பெண்ணை இரண்டு ஆண்டுகளின் பின் சாம்பல்தீவுச் சந்தியிற் கண்டேன். வேறொரு கடையில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். அன்று நான் சொன்னது பொய் என்றும், எனக்கு ஏப்ரலிலேயே தெரியும் என்றும் அவரிடம் கூறினேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்று, "இப்ப சொல்லி என்ன, ஐயா" என்றார். பேருந்து வந்தது, ஏறிச் சென்றுவிட்டார்.

காலந்தாழ்ந்த அறிக்கையைப் பற்றி அதற்குமேற் சொல்வதற்கு எனக்கு எதுவுமில்லை.